கிணற்று வேலைக்காரி போட்ட முடிச்சு

மேகமலை அடிவாரத்தில் எங்கள் சினையாடு ஒரு குறுகலான பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டது. ஒருவரால் தூக்க முடியாது என்பதால் நானும் என் மனைவியும் இறங்குவதென்று முடிவு செய்தோம். மாடு கட்டும் பழக்கத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போட்டுக் கயிற்றை மரத்தில் கட்டினேன். கல்யாணத்துக்கு முன் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவள் அவள். முடிச்சைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னைய என்ன மாடுன்னு நெனச்சீகளா?"

அதை அவிழ்த்து, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, சேலையை வரிந்துகொண்டு முதலில் இறங்கினாள். பின்னால் நானும் பாதி வரை இறங்கினேன். பாறை இரண்டு தோளிலும் உரசியது. பிடிமானம் தேடித் தவித்த என் பாதத்தைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அந்தத் தோள் அசையவே இல்லை.

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க மெதுவா வாங்க."