அண்ணாச்சி வைத்த சுண்ணாம்புப் பொட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. ஞானமுத்து அண்ணாச்சியின் மகள். "அப்பா போயிட்டாங்க அக்கா" என்றாள். வானொலியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் நல்ல ஒலிப்பதிவாளர். எனக்கு அதற்கும் மேலே. ஏன் என்று சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

எழுபதுகளில் வெளியூர்ப் பதிவுக்கு எங்களிடம் இருந்தது ஒரே டேப் ரெக்கார்டர். தோளில் மாட்டினால் ஆளையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி நின்றுகொண்டே வருவார். கடற்கரையில் மைக்கில் காற்று அடிக்காமலிருக்கத் தன் துண்டைச் சுற்றிவிட்டு, வெறுந்தலையோடு வெயிலில் நிற்பார்.

டேப் சுற்றிய ஸ்பூல்களுக்குப் பஞ்சம். பதிந்ததும் காலியானதும் ஒரே பையில் கிடக்கும். பதிவு முடிந்த ஸ்பூலின் விளிம்பில், தன் ஆத்தூர் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் அதன்மேல் பதியக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த எனக்குத் தெரியாது.

பெரியதாழையில் சூசை என்ற மீனவர் வலை இழுத்தபடி பாடியதைப் பதிந்து வந்தோம். மறுநாள் பையைத் திறந்தால் ஸ்பூலில் சுண்ணாம்பு. வெற்றிலை போடுகிறவரின் அழுக்கு என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்து வைத்தேன். பெரிய சுத்தக்காரி என்ற நினைப்பு. அன்று மாலையே அதைக் காலி ஸ்பூல் என்று மாட்டி, ஒரு விவசாயியின் பேட்டியைப் பதிந்துவிட்டார்கள். சூசையின் பாட்டு போயிற்று.

அழுதபடி அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். நான் தற்காலிக ஊழியர். வீட்டில் சம்பாதிப்பவளும் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பொட்டு வைக்க நான்தான் மறந்துட்டேன் சார்." அவருக்கு மெமோ வந்தது. என் வேலை தப்பியது.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஆபீசுல நான் சொல்லிட்டேன். பாடுன ஆளுகிட்ட நீதாம்மா சொல்லணும்."

அந்தச் சனிக்கிழமையே என்னைப் பெரியதாழைக்கு அழைத்துப் போனார். சூசையிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கயிறு கையில இல்லாம பாட்டு வராது தாயி. இந்தா, நீயும் பிடி" என்று வலைக்கயிற்றை நீட்டினார். இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் பாட, அண்ணாச்சி மறுபடியும் பதிந்தார். நீங்கள் பலமுறை ஒலிபரப்பிய அந்தப் பாட்டில் இடையிடையே ஒரு மூச்சிரைப்பு கேட்குமே, அது என்னுடையதுதான்.

அண்ணாச்சி ஓய்வுபெற்ற அன்று நாமெல்லாம் சேர்ந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவைப் பரிசளித்தோம், இனியாவது மறக்காதீர்கள் என்று கேலி செய்து. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த டப்பாவை அவர் மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவர் காப்பாற்றித் தந்த வேலையில்தான் தங்கைகளைக் கரையேற்றினேன். அந்த நன்றியை அவரிடம் சொல்லியிருக்கிறேன். சூசையிடமும் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். பாக்கி இருந்தது நீங்கள்தான். அண்ணாச்சி மறக்கவில்லை. பொட்டு வைத்திருந்தார். துடைத்தவள் நான்.