பாலு பந்த்

1. முதல் நாள் பாடம்

திருப்பதியில் அந்தத் தனியார் சுகர் கிளினிக்கில் டயட் கவுன்சிலராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மேஜையைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். எடை பார்க்கிற மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பவுடர் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். டப்பாவின்மேல் ஒரு ஒல்லிப் பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். எங்கள் பக்கத்தில் அந்தமாதிரி ஓடினால் நாய்தான் துரத்தும்.

அப்போது எங்கள் தமிழ்நாடு-ஆந்திரா எல்லைக் கிராமங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் என்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அம்மாவும் எருமையும் மிஞ்சினார்கள். காலையிலும் மாலையிலும் தனியார் பால் வண்டி ஊருக்குள் வந்தது. எல்லாரும் வீட்டுப் பாலை அப்படியே கேனில் ஊற்றி அனுப்பினார்கள். சம்பளம் அனுப்பும் மகன்கள் அம்மாவை டவுனில் நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அந்த நல்ல டாக்டர்களுக்காகக் கிளினிக்குகள் வந்தன, கிளினிக்குகளோடு டப்பாவும் வந்தது.

முதல் பேஷன்ட், விஜயபுரம் பக்கத்திலிருந்து வந்த கன்னியம்மா. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, முட்டி வலி. சுகருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "வெயிட் குறைக்கணும், டயட் கேட்டுட்டுப் போங்க" என்று என்னிடம் அனுப்பியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கிளினிக் மேனேஜர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேனு செப்தா, நீங்க பாத்து கத்துக்கோங்க" என்று தெலுங்கும் தமிழும் கலந்து என்னிடம் சொல்லிவிட்டுக் கன்னியம்மாவிடம் திரும்பினார். "பாலு பந்த். பெருகு பந்த். மஜ்ஜிக பந்த். எல்லாம் கொழுப்பு. வேளைக்கு ரெண்டு ஸ்பூன் இந்தப் பவுடரு, தண்ணில கலக்கித் தாகண்டி. அந்தே."

பால், தயிர், மோர் மூன்றும் ஒரே மூச்சில் போயின. என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், பாலே கூடாதுன்னு இல்ல, அளவுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பேஷன்ட் முன்னாடி டிஸ்கஷன் வத்து" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

கன்னியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பாலே குடிக்கிறதில்ல சார். டீதான் குடிச்சிக்கினு இருக்கேன்" என்றார். எங்கள் பக்கத்தில் டீயில் ஊற்றுவது பால் கணக்கில் வராது. இதை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மேனேஜர் அதற்குள் டப்பாவைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

2. சனிக்கிழமை

அடுத்த வாரமே கன்னியம்மா மகன் செல்வத்தோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது, முழங்கையில் கட்டு. செல்வம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். போன் வந்ததும் ஷிப்டை விட்டு ஓடி வந்திருக்கிறான்.

"இன்னா மாத்திர குடுத்தீங்க? எங்கம்மா ரோட்ல மயங்கி விழுந்து கெடக்குது!" என்று ஹாலிலேயே கத்தினான். நான் அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்து, விழுந்த அன்று காலையிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

மகனுக்கு வேலை பெர்மனன்ட் ஆகவேண்டும் என்று சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு ஒருசந்தி இருக்கிறார் கன்னியம்மா. பகலில் சோறு கிடையாது, டீயும் தொடமாட்டார். பாலும் வாழைப்பழமும்தான். வாரம் முழுக்கக் கேனில் ஊற்றுகிறவர் அந்த ஒரு நாள் மட்டும் தனக்கென்று ஒரு சொம்பு பால் நிறுத்திவைப்பார். அது விரதம், பால் குடிக்கிற கணக்கில் அவர் சேர்க்கவில்லை. சுகர் என்று தெரிந்ததும் இனிப்பாயிற்றே என்று பழத்தைத் தானாகவே விட்டுவிட்டார். மிச்சமிருந்தது பால். அதைத்தான் நாங்கள் பந்த் செய்தோம்.

"சார் சொன்னாருன்னு அன்னிக்கி சொம்புல எடுத்து வெக்கல. குளிச்சேன், சாமி கும்ட்டேன், மாத்திரய தண்ணில போட்டுக்கினேன். ரெண்டு எருமையும் கறந்து எட்த்துக்கினு போயி சென்டர்ல ஊத்திட்டு வரேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. அவ்ளோதான் தெரியும்."

காலிக் கேனோடு சாலையோரம் சரிந்தவரைப் பால் சென்டர்க்காரம்மாதான் தூக்கி உட்காரவைத்து, கொஞ்சம் நினைவு வந்ததும் சர்க்கரை போட்ட டீயைப் புகட்டியிருக்கிறார். சுகரைக் குறைக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சுகர் தரைமட்டத்துக்கு இறங்கும். இரண்டு எருமையின் பாலைத் தன் கையால் கறந்து ஊருக்கு அனுப்பிவிட்டு, வயிற்றில் ஒரு சொட்டு இல்லாமல் விழுந்து கிடந்திருக்கிறார் அந்த மனுஷி. எனக்கு வந்த கோபத்தில் மேஜையிலிருந்த டப்பாக்களை எல்லாம் வாரி வீசியிருப்பேன்.

"சரிம்மா, பாலு வேணாம்னு விட்டீங்க. அந்தப் பவுடரயாவது கலக்கிக் குடிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அதுல இன்னா கலந்துக்கீதோ, யாரு கண்டா? முட்ட கிட்ட போட்டிருந்தா? ஒருசந்தி நாள்ல வாயில வெப்பாங்களா?"

நியாயமான சந்தேகம். நான் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்கிறமாதிரி பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். முட்டை இல்லை. முதலில் போட்டிருந்தது, கொழுப்பு நீக்கிய பால் பவுடர்.

பால்! இவர் வீட்டு எருமைப் பால் விஷம்போல் கூடாதாம். அதையே காய்ச்சிப் பொடியாக்கி ஒல்லிப் பெண்ணின் படத்தை ஒட்டிவிட்டால் வேளைக்கு இரண்டு ஸ்பூன் மருந்தாம்.

3. சொன்ன வாய்

டப்பாவை எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஃபாஸ்டிங் இருந்தது அவங்க தப்பு. நம்ம ரெஸ்பான்ஸிபிலிட்டி காது, நம்ம பொறுப்பு இல்ல" என்றார்.

"நாமதானே சார் கேட்டிருக்கணும்? இந்த ஊர்ல சனிக்கிழமை பாதி ஜனம் பட்டினி. பால் கூடாதுன்னு சொல்லிட்டுப் பாலையே டப்பால அடச்சு விக்கிறோமே, இது மட்டும் யார் தப்பு?"

"நீங்க பேஷன்ட் சைடா, கிளினிக் சைடா?"

இந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவ இடத்தில் இரண்டு பதில் இருக்கமுடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நேராக டாக்டர் ரூமுக்குப் போனேன். டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் மாத்திரை எழுதுவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கன்னியம்மாவை உள்ளே வரச்சொல்லிச் சோதித்தார். மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். "சாப்பிடாம இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சனிக்கிழமையும் பால் குடிங்க. சிஸ்டர் சொல்ற அளவுல தயிரும் சேர்த்துக்கலாம்" என்றார்.

கன்னியம்மா மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"எனுக்கு மாத்திரயும் வேணா, ஒண்ணும் வேணா. ஒர்த்தரு கூடாதுன்றாரு. ஒர்த்தரு குடின்றாரு. நான் யாரு பேச்ச கேக்கறது? அப்டியே செத்தாலும் எங்கூட்ல சாவறேன்."

செல்வம் கெஞ்சினான். நானும் கெஞ்சினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் கண்ணோ கிட்னியோ போகும் என்று டாக்டர் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு தடவை பொய் சொன்ன இடத்தில் மறுபடி வரும் உண்மையை அவர் ஏன் நம்பவேண்டும்?

"பந்த்னு சொன்ன வாயி எங்க? அது வந்து சொல்லட்டும்" என்றார் கடைசியில்.

டாக்டர் மணியடித்து மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து டையைச் சரிசெய்தார், டாக்டரைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாலு தாகொச்சும்மா, குடிக்கலாம்" என்றார்.

"எந்தப் பாலு சார்? உன் டப்பாதா, எங்கூட்டு எருமதா?"

அவர் மறுபடி டையைச் சரிசெய்தார். கன்னியம்மா விடவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

"மீ இன்ட்டி பாலே, உங்க வீட்டுப் பாலுதான்" என்றார் மேனேஜர்.

கன்னியம்மா மாத்திரை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இப்ப சொல்லு சிஸ்டரு, எவ்ளோ குடிக்கலாம்?" என்று என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட்டு ஒரு டம்ளர், சர்க்கரை போடாமல். டீயிலும் சர்க்கரை வேண்டாம், டீயில் ஊற்றும் பாலும் கணக்குதான். வெண்ணெய் எடுத்த மோர் உப்புப் போட்டுத் தாராளமாக. ராத்திரி தயிர் ஒரு கரண்டி போதும், குறைக்கவேண்டியது அதற்கடியில் குவிகிற சோற்றைத்தான். செல்வம் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அந்த மாதமே என்னை பில்லிங் கவுன்டருக்கு மாற்றினார்கள். மேஜையில் டப்பாக்கள் அப்படியே இருந்தன. நான் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரின் தட்டிலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன்னால், அதை எடுத்தபின் அந்தத் தட்டில் என்ன மிஞ்சும் என்று அவரையே கேளுங்கள். கேட்காமல் எடுப்பதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, பிடுங்குவது.