புல்வெளிக்காகப் பேசிய அக்கா

வேலையில் சேர்ந்த முதல் நாள், பட்டம் வாங்கிய மிதப்போடு ஆய்வகத்துக்குள் நுழைந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, சேறுன்னா மூக்கைப் பொத்திக்குவியா?" என்று கேட்டவர்தான் மகரந்த அக்கா. ஏரிக்குள் குழாய் இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காக அறுத்து, அதில் புதைந்திருக்கும் மகரந்தத் துகளை நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் காலத்தில் எந்தச் செடி நின்றது என்று சொல்வது அவர் வேலை.

அந்த வருஷம் வந்தது மலைமேல் ஏரியின் சேறு. ஏரியைச் சுற்றிலும் வெறும் புல். காடு அழிந்த இடம் என்று நினைத்த வனத்துறையினர், முன்பு என்ன மரம் நின்றது என்று அறியச் சேற்றை அனுப்பிவிட்டு, அங்கே மரம் நடத் தீர்மானித்திருந்தார்கள். அதற்கான கன்றுகளை நாற்றங்காலில் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர் அக்காவின் கணவர். தன் பேர் சொல்ல ஒரு காடு நிற்கப்போகிறது என்று பூரித்திருந்தார்.

அக்கா பார்த்த அடுக்கெல்லாம் புல்லின் மகரந்தம். மழை பொய்த்த காலத்திலும் புல், கொட்டித் தீர்த்த காலத்திலும் புல். மனிதன் அங்கே கால்வைப்பதற்கு முந்தைய அடியாழத்துச் சேற்றிலும் அதேதான். மனசு கேட்காமல் அதே ஏரியின் வேறு சேற்றை எடுத்து, மகரந்தம் மட்டும் மிஞ்சும்படி மறுபடியும் கழுவிப் பார்த்தார். ஒன்றிரண்டு மரத் துகள்கள் தென்பட்டன, அவ்வளவே.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தாராம். கணவர் முகம் சுருங்கியது.

"மரமே இல்லைன்னு அடிச்சுச் சொல்றியா? ஒன்னுகூடக் கண்ணுல படலையா?"

"பட்டுதுங்க. அது கீழே பள்ளத்துலேருந்து காத்துல வந்தது."

"மரம் இருந்துச்சுன்னே எழுதிடேன். யாரு வந்து சேத்தைக் கிண்டிப் பார்க்கப்போறா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா அந்தப் புல்லுக்குள்ள தரையில முட்டையிடுற குருவிக்கு வேற போக்கிடம் இல்லை. நிழல் விழுந்தா புல்லு போயிடும், பின்னாடியே அதுவும் போயிடும்."

"குருவிக்குப் பரிஞ்சு பேசறே. புருஷனுக்கு?"

"உங்களுக்காகத்தான் ரெண்டாவது தடவை கழுவினேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் கூட்டத்தில் அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். "அப்போ வளர்த்த கன்னையெல்லாம் என்ன பண்றது?" என்று அதிகாரி கேட்டார். பின்வரிசையில் உம்மென்று உட்கார்ந்திருந்த கணவர்தான் எழுந்தார்.

"பள்ளத்துல மரம் இருந்துச்சுன்னு அவதான் சொல்றாளே சார். அங்கே நடுங்க. கன்னைக் காயவிட்டு என்னையும் சாகடிக்காதீங்க."

பள்ளத்துச் சேற்றையும் எடுத்துப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் பாதிக் கன்றுகள் பையிலேயே வேர் சுருண்டு வீணாகிவிட்டன. மீதி பள்ளத்தில் வேர்பிடித்து நிற்கின்றன. கணவர் அவற்றுக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிறார். மலைமேல் யாரும் குழி வெட்டவில்லை. அக்கா இப்போது வேறொரு ஏரியின் சேற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார்.