ஊறுகாய் பாட்டிலில் தெளிந்த பெட்ரோல்

அந்தச் சனிக்கிழமை எழுந்ததும் நான் முதலில் செய்தது, பால்கனியில் மூடி வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்ததுதான். முந்தைய நாள் மாலை என் ஸ்கூட்டரில் நிரப்பிய பெட்ரோலில் கொஞ்சம் அதில் இருந்தது. அடியில் நீர் தங்கவில்லை. கலங்கலும் இல்லை. மறுநாள் ஞாயிறு, எங்கள் காலனிப் படகுக்குப் பெட்ரோல் மாற்றும் நாள். இந்த மாதம் எங்கள் வீட்டு முறை.

ஜெசிந்தா அக்காவிடம் சொல்லப் போனை எடுத்தேன். அவர் வணக்கம் எல்லாம் சொல்ல மாட்டார். "தெளிஞ்சிகீதா?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் எண்ணைத் தேடுவதற்குள் போன் அடித்தது. காலனிச் செயலாளர் ரகு சார்.

"உமா மேடம், ஜெசிந்தாம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

ஒரு கையில் போன், இன்னொரு கையில் பாட்டில். எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தேன்.

பருத்திப்பட்டில் மருந்துக்கடை மாடியில் அவர் நடத்திய பியூட்டி பார்லருக்குப் போகாத பெண்கள் நம் காலனியில் குறைவு. இரண்டு கையிலும் நூலைப் பிடித்துப் புருவம் திருத்திக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். அவருடைய கதைகளையும் கைராசியையும் காலனியின் இந்த அஞ்சலி மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத நினைப்பது படகைப் பற்றி. அதற்குக் காரணம் என் அம்மா.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி நிரம்பினால் நம் தெருக்களில் தண்ணீர் ஏறும். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, காலனிக்காரர்களும் மாதா கோயில் பங்கு மக்களும் சேர்ந்து இன்ஜின் வைத்த ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். ஃபாதர் வந்து மந்திரித்தார். ரகு சார் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார். அன்றே ஒரு கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி, அதற்கும் பொட்டு வைத்து, மோட்டார் அறையில் பத்திரப்படுத்தினோம். ஆயுத பூஜைதோறும் படகுக்கு மாலை போட்டோம், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டினோம். இன்ஜினை மட்டும் ஒருமுறைகூட ஓட்டவில்லை. ஆபத்துக்கு வைத்த பெட்ரோலை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

இரண்டு வருடம் கழித்து அந்த ஆபத்து வந்தது. எங்கள் வீடு தரைத்தளம். அம்மாவுக்கு ஆஸ்துமா. கரண்ட் இல்லாததால் மூச்சுக்கு மருந்து கொடுக்கும் மெஷின் ஓடவில்லை. படகில் அம்மாவை உட்கார வைத்தோம். நான், ரகு சார், ஜெசிந்தா அக்கா. இன்ஜின் பலமுறை இழுத்த பிறகு பிடித்தது. ரேஷன் கடை தாண்டியதும் இருமியது. பிறகு நின்றுவிட்டது. படகு மெல்லத் திரும்பி, தண்ணீர் வேகமாக ஓடும் கால்வாய்ப் பக்கம் போக ஆரம்பித்தது.

ரகு சார் கயிற்றை இழுத்து இழுத்து ஓய்ந்தார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு இருந்தது. "சாமி கும்புட்டது போதும் சார், எறங்கு!" என்றார். இருவரும் மதில் சுவர்களைப் பிடித்துப் பிடித்துப் படகை மெயின் ரோடு வரை இழுத்தார்கள். வழியெல்லாம் அக்கா அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தார். "ஆயா, என்னயே பாரு. மூச்ச மெதுவா உடு. பயப்படாத, உன் பொண்ணுதான் அழுவுது, நீ அழுவாத." அம்மாவின் உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் நிறம் திரும்பியது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் இன்ஜினைத் திட்டினோம். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அக்கா மட்டும் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பெயின்ட் வாடை அடித்தது. கார்பரேட்டரைக் கழற்றச் சொல்லி, அதை ஒரு டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகு மெக்கானிக்கிடம் போனார்.

அவர் திரும்பி வந்த மறுநாள் நான் பார்லரில் இருந்தேன். கண்ணாடி மேஜைமேல், கிரீம் டப்பாக்களுக்கு நடுவில், கழுவிய கார்பரேட்டர் இருந்தது.

"இத்த பாரு," என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டை நீட்டினார். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. "இதுவழியாதான் பெட்ரோல் போவணும். பழைய பெட்ரோல் பிசினாயி இத்த அடைச்சிகினு கீது. மூஞ்சில கரும்புள்ளி அடைச்சிகிற மாதிரியேதான். இதுல காசிமேட்டுக்காரன் எனக்குப் பாடம் எடுக்கறான்!"

பெட்ரோல் வைத்திருந்தால் கெடும் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் மிஞ்சினால் நீராகப் பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான் என்று அவர் சொன்னார். உள்ளே அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததையும், ரப்பர் குழாய் ஊறிப்போய் நைந்திருந்ததையும் காட்டினார். "எங்க சாமி உங்க சாமி ரெண்டு பேரும் நல்லாதான் பாத்துகினாங்க. நாமதான் பெட்ரோல பாக்கல," என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் வைத்த வழக்கம்தான் இன்றுவரை நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும், ஒரு வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரில் புதுப் பெட்ரோலோடு வரவேண்டும். அக்கா அதைக் கைப்பம்பால் எடுத்துப் படகின் கேனில் ஊற்றுவார். கேனில் இருந்த பழையது ஸ்கூட்டருக்குள் போகும். ஆக, படகில் ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தங்காது, எதுவும் வீணாகாது.

ரகு சாரின் முறை வந்தபோது அவர் முகம் சுளித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

"என் வண்டி என்ன குப்பைத்தொட்டியா ஜெசிந்தாம்மா?"

"சார், நேத்து சாம்பார இன்னிக்கு சுடவெச்சி துண்றீங்களா இல்லியா? ஒரு மாசத்துது ஒண்ணும் ஆவாது. வருஷக்கணக்கா வெச்சிகினாதான் வெசம். ஊத்து, ஊத்து!"

பெட்ரோலைக் கூட்டம் அதிகமுள்ள பங்க்கில்தான் வாங்கவேண்டும், அங்கே பழசு தங்காது என்பார். பெருமழை பெய்த மறுநாள் வாங்கவே கூடாது, பங்க் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வாங்கியதில் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினை இறக்கிக் கயிற்றை இழுப்பார். கொஞ்ச நேரம் ஓடியதும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிடுவார். கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதைக் குடித்து முடித்து இன்ஜின் தானாக நிற்கவேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது. நின்றதும், "சாப்ட்டு முட்சிடுச்சி. எலைய எடு," என்பார்.

ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார். "உமா, ஒரு தபா நீ இழு." நான் தோள்வலி என்பேன். உண்மையில் எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவருக்கும் அது தெரியும். "சரி, அடுத்த மாசம்," என்று விட்டுவிடுவார். ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்ததில்லை.

அடுத்த வெள்ளத்தில் இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் பிடித்தது. அம்மாவை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு, "ஆயா, இந்த வாட்டி நான் நனையவேயில்ல பாத்தியா," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அன்று எத்தனை நடை போனார் என்று யாரும் எண்ணவில்லை. இன்ஜின் ஒருமுறையும் இருமவில்லை. அம்மா இன்றும் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அக்காவுக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடன் அந்த டிவி சத்தம்தான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது ரகு சார் என்னிடம் சொன்னார்: "ஓட்டத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான். இனி யார் பார்க்கறது? படகுத்துறைக்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்கறார். மழைக்கு முன்னாடி கொடுத்துடலாம். வர்ற ஞாயிறு கூட்டத்துல பேசி முடிச்சுடுவோம்." அவர் சொன்னதில் தப்பில்லை. அவரும் அன்று மார்பளவு தண்ணீரில் இழுத்தவர். ஓட்ட ஆளில்லாத படகு இருந்தும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கு என் வீடு தரைத்தளத்தில் இருப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஐப்பசி நெருங்குகிறது.

அப்போது அக்காவின் மகள் வந்து என் கையில் சிவப்பாக ஒன்றை வைத்தாள். இன்ஜின் கிளிப். சுருள் கயிறு கட்டியது. படகு ஓட்டும்போது அக்கா அதை ஜெபமாலையோடு சேர்த்து மணிக்கட்டில் மாட்டியிருப்பார். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது.

"உங்க படகோடது ஆன்ட்டி. அம்மா ஹேண்ட்பேக்லயேதான் வெச்சிருந்தாங்க."

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை இரண்டு. எதையும் ஊற்றுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று. இந்தக் கிளிப் இன்னொன்று.

போன ஞாயிறு பெட்ரோல் மாற்றவில்லை. வரும் ஞாயிறு, கூட்டத்துக்கு முன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் மாற்றுவேன். டிரம்மில் தண்ணீர் நிரப்புவேன். கிளிப்பை மாட்டிக்கொண்டு கயிற்றை நானே இழுப்பேன். இன்ஜின் பிடித்த பிறகு, ஏரியில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன், படகைக் கொடுக்க வேண்டாம் என்று ரகு சாரிடம் சொல்வேன். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பாட்டில் பால்கனியில் இருக்கிறது. இன்று காலையும் பார்த்தேன். தெளிந்திருக்கிறது, அக்கா.