வேனிலிருந்து எறிந்த டொபி

என் மகள் மதுரா படிக்கும் பள்ளிக்கூட வாசலில் நிலக்கடலையின், எங்கள் பேச்சில் கச்சானின், படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் குறுக்கே சிவப்புக் கோடு. டொரன்டோவுக்கு வந்த புதிதில், இங்கே கச்சான் விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று நினைத்தேன். இலங்கையில், எங்கள் பதுளை பஸ் நிலையத்தில் கச்சான் சுருள் வாங்காமல் பஸ் ஏறியவள் இல்லை நான். "இந்தப் பக்கம் யாரும் விற்று நான் பார்க்கவில்லையே?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் குழம்பிப்போய், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்க எனக்கு வசதியில்லை என்று எண்ணி, இலவச மதிய உணவு பற்றி மெதுவான குரலில் விளக்கத் தொடங்கினார். பிறகொரு நாள், யாரோ கொடுத்த பிஸ்கட்டைக் கடித்த மதுரா உதடு வீங்கி மூச்சுத் திணறியபோதுதான் அந்தச் சிவப்புக் கோடு எனக்குப் புரிந்தது. அன்று முதல் என் கைப்பையில் ஊசிப் பேனாக்கள் இருக்கின்றன. கச்சான் உள்ளே போய்விட்டால் உடனே தொடையில் குத்த வேண்டும்.

இந்த நாட்டில் ஹாலோவீன் என்றொரு பண்டிகை. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் பை நிறைய இனிப்பு வாங்கி வருவார்கள். அதை மேசையில் கொட்டும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வேன். சீனியும் சாயமும் பிளாஸ்டிக் உறையும் கலந்த ஒரு நெடி. தொட்டால் விரலில் நீலம் ஒட்டும். உறைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பாதிக்கு மேல் எடுத்து வீசுவேன். மதுரா பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் தெருவில் மார்கரெட் என்ற அம்மாள் மட்டும் வாசலில் நீலப்பச்சை வர்ணம் பூசிய பூசணிக்காய் வைத்து, வருகிற பிள்ளைகளுக்குக் கலர் பென்சிலும் துள்ளி விளையாடும் கயிறும் கொடுப்பார். சரியான கஞ்சம் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வருடம் மார்கரெட்டே சொன்னார்: "நான் கொடுப்பதை உன் மகளிடமிருந்து நீ பிடுங்க வேண்டியதில்லை." அந்தப் பூசணிக்காய்க்கு, இந்த வீட்டில் தின்பண்டம் தருவதில்லை, எந்தப் பிள்ளையும் பயமின்றி வரலாம் என்று பொருளாம்.

போன வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் என் அண்ணன் குடும்பம் இன்னும் இருக்கிறது. பண்டிகைக்கு முதல் நாள் கோயிலடியில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் சிவா அண்ணன். டொரன்டோவில் நாங்கள் போய்வரும் தமிழ்ச் சங்கத்துக்காரர், பண்டாரவளையில் பிறந்தவர். மறுபடி வேன் படியில் ஏறி நின்று பெட்டியைப் பிரித்து, கை நிறைய டொபியும் சொக்லட்டும் அள்ளி, கோழிக்குத் தீனி எறிவதுபோல் எறிந்தார். கூட வந்தவர் ஃபோனில் படம் பிடித்தார். "எல்லாரும் இங்க பாத்துச் சிரிங்க!" மழை பெய்து நின்ற சேற்றில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒன்று என் காலடியில் விழுந்தது. உறையில் பூசணி முகம். போன ஹாலோவீனில் விற்காமல் தேங்கிய சரக்கு! பிரித்தேன். சொக்லட் வெளுத்துப் பூத்திருந்தது. சவர்க்காரத்தோடு ஒரே பெட்டியில் கப்பலேறி வந்த வாடை.

மற்றப் பிள்ளைகளோடு ஓடிப் பொறுக்கிய மதுரா, அள்ளியதை என்னிடம் நீட்டினாள். "இதுல கச்சான் இருக்காம்மா?" சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் உறையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் ஐந்து வயது மகள் துர்கா இருமினாள். வாயெல்லாம் சொக்லட். முகம் தடித்து, கண் இடுங்கியிருந்தது.

"காணாக்கடி செல்வி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சிருக்கு," என்றார் அண்ணி என்னிடம். "போன பொங்கலுக்கும் இப்புடித்தான் வந்துச்சு. மஞ்சள் தேச்சா போயிரும்."

பிள்ளையின் மூச்சு விசில் அடித்தது. ஊசிப் பேனாவை எடுத்தேன்.

"என்னா செய்யிற? அது மதுராவோட ஊசியாச்சே!" என்று அண்ணன் கத்தினார். அதற்குள் குத்திவிட்டேன். ஆட்டோவில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே மூச்சு மெல்லச் சீரானது. கச்சான்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னபோது அண்ணி அழுதார். "அந்தத் தாள்ல என்னா எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

மாலையில் சிவா அண்ணன் பார்க்க வந்தார். "ஒரு புள்ளைக்கு ஒத்துக்கலன்னு மத்ததுங்க சந்தோசத்தக் கெடுக்கலாமா தங்கச்சி? அதுங்களுக்கு வேற என்னா கெடைக்குது?"

"அதுங்க இல்லண்ணே. அவங்க."

அவருக்குப் புரியவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தேன்.

வார்டில் துர்காவோடு அண்ணி தங்க, நான் முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடையில் கயிறும் பந்தும் கலர் சோக்குக் கட்டியும் வாங்கினேன். "டொபி எடுக்கலயா தங்கச்சி? பெருநாளைக்கு டொபி இல்லாமலா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். மறுநாள் காலையில் துர்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி வந்ததும் வராததுமாக லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பானை சோளம் அவித்து, பேரிக்காய் நறுக்கி வைத்தார். "டொபி இல்லியாக்கா?" என்று ஒருத்தி முகம் சுளித்தாள். இன்னொருத்தி சோளத்தைத் தொடவே இல்லை. ஆனால் கயிறு சும்மா கிடக்கவில்லை. மழை இறங்கும்வரை லயத்து வாசல் சிமெந்தில் அது அடிபட்டுக்கொண்டே இருந்தது. துர்கா படியில் உட்கார்ந்து, சோளத்தை மணி மணியாகப் பிய்த்துத் தின்றாள். ஒவ்வொரு மணியையும் அவள் விழுங்கும்வரை அண்ணி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொரன்டோவுக்குத் திரும்பி வந்த பிறகு சங்கத்தின் இராப்போசனம். விளக்கை அணைத்து, பெரிய திரையில், வேனடியில் பிடித்த அந்தப் படத்தைப் போட்டார்கள். பின்னணியில் சோக இசை. பட்டுச்சேலைகள் மூக்கை உறிஞ்சின. "பாவம், தோட்டத்துப் பிள்ளைகள். ஒரு டொபிக்கு எப்படி அடிபடுகிறார்கள்!" என்றார் பக்கத்து நாற்காலிப் பெண்.

"அம்மா, அது நான்தானே?" என்றாள் மதுரா.

அவளேதான். திரையில், சேற்றில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில், நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், மதுராவைப் பார்த்தார், அவசரமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஆமா, நீதான்," என்றேன். படம் முடிந்து மண்டபம் கைதட்டியது.