பால்காரருக்கு வைத்த ஐஸ்

காலிப் பால் கேன் சத்தம் போட வேண்டும். மொபெட்டின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு எங்கள் தெருவின் குண்டும் குழியுமான ரோட்டில் போனால் கடகடவென்று ஆட வேண்டும். எங்கள் பால்காரரின் கேன் காலையில் பாலோடு வரும்போது தளும்பும். ஊற்றி முடித்துத் திரும்பும்போது கம்மென்று போகும். ஏன் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். இங்கே சரக்கு விலை குறைவு, அங்கே அதிகம். அவர் வீடு அம்பகரத்தூரைத் தாண்டி, எல்லையை ஒட்டி. ஆனாலும் அவரைப் பால்காரர் என்றுதான் சொல்வோம். வேறு மாதிரி சொல்வது மரியாதை இல்லை.

அவருடைய பாலைப் பற்றி மட்டும் நான் மரியாதை பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அவர் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அதன் வழியாக எதிர்வீட்டு கேட் தெரிகிறது என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். அன்றோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார். நானும் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டேன்.

அப்புறம்தான் ஊரடங்கு வந்தது.

என் ஒரே மகளை அம்பகரத்தூருக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தோம். காலையில் வைத்த குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினால் அவள் வீட்டில் இறங்கும்போது சூடு ஆறியிருக்காது. அவ்வளவு கிட்டத்தில் இருந்த ஊர் திடீரென்று வேறு நாடாகிவிட்டது. ரோட்டை வெட்டி மண்ணைக் குவித்து, மேலே முள்ளைப் போட்டுவிட்டார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு போட்டு அழைத்துவர நாள் பார்த்து, வாங்கி வைத்த கண்ணாடி வளையல் பீரோவிலேயே கிடந்தது. மாப்பிள்ளை துபாயில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அம்மா பக்கவாதத்தில் படுக்கை. அந்த வீட்டில் நடமாடுகிற ஒரே ஆள் நிறைமாதக்காரியான என் மகள்தான்.

பாஸ் கேட்டு விண்ணப்பித்தோம். நிராகரித்தார்கள். திரும்பக் கேட்டோம். அப்போதும் நிராகரித்தார்கள். என் வீட்டுக்காரர் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சாது. "எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு முட்டியது. மாடிக்குப் போனால் கடல், கீழே வந்தால் பூட்டிய கேட். பிறந்து வளர்ந்த ஊர் இத்தனை சின்னது என்று அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் காலையில் ஜன்னலோரம் நின்றபோது ஒரு சத்தம் கேட்டது. பால்காரரின் கேன் திரும்பிப் போகும்போது கடகடவென்று ஆடியது. சாராயக் கடைகளை முதலில் மூடி, பிறகு திறந்தபோது வரியை ஏற்றி இரண்டு பக்கமும் ஒரே விலை ஆக்கிவிட்டார்கள். பாவம், மனிதர் வேறு வழியில்லாமல் நிஜமாகவே பால்காரர் ஆகிவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. வேலை இல்லாமல் இருக்கிறார். ஆனால் வழி மறந்திருக்காது.

மறுநாள் பாத்திரத்தோடு கேட்டில் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் வண்டியை முறுக்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பாக்கெட் பால் ஒடம்புக்கு ஒத்துக்கலைங்க. ஒங்க பால் மாதிரி வருமா?"

சந்தேகத்தோடுதான் ஊற்றினார். அடுத்த நாள் சோப்பைக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

"நேத்து ஒங்க பால்ல உறை ஊத்தினேன். கத்தியை வச்சு வெட்டலாம் போல இருந்துச்சு தயிரு."

"டீச்சரம்மா, நீங்கதானே என் பாலுக்குள்ளாற எதிர்வீட்டு கேட்டு தெரியுதுன்னு சொன்னீங்க."

"அப்ப என் கண்ணாடி சரியில்லை. இப்ப மாத்திட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முகம் இளசாகத் தெரிந்தது. எனக்கோ வயிறு எரிந்தது. அந்தப் பாலில் காப்பி போட்டால் கழனித்தண்ணி நிறத்தில்தான் இருக்கும். அதைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னையே பார்ப்பார். "குடிங்க, நம்ம பொண்ணுக்காக" என்பேன்.

நல்ல வார்த்தை என் வாயில் சுலபமாக வராது. ராத்திரி படுக்கும்போதே மறுநாளைக்கு எதைப் புகழ்வது என்று யோசித்து வைத்துக்கொள்வேன். அவர் மீசையைப் புகழ்ந்தேன். வண்டியைத் துடைத்து வைத்திருக்கும் அழகைப் புகழ்ந்தேன். தெருவில் எல்லார் காதிலும் விழும்படி, இந்த மாதிரி நேர்மையான பால்காரரைப் பார்க்க முடியாது என்று சொன்னேன். பக்கத்து வீட்டம்மா எனக்கு என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரரிடம் ரகசியமாக விசாரித்தாள்.

என் வீட்டுக்காரரும் தம் பங்குக்கு ஒருநாள் உதவ வந்தார். கேட்டில் சாய்ந்துகொண்டு, "ஒங்க வண்டி முன்னெல்லாம் சத்தமே இல்லாம போகும். இப்பதான் கேன் கடகடன்னு ஆடுது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். பால்காரரின் முகம் சுண்டிவிட்டது. பாதி அளந்த பாலை அப்படியே ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு வாரம் புகழ வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரைப் பால் வருகிற நேரத்தில் கேட்டுப் பக்கமே விடவில்லை.

கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன். மகளின் நிலைமையைச் சொல்லி, அந்தப் பக்கம் போக வயல் வழி ஏதாவது இருக்குமா என்றேன்.

அவர் கேனின் மூடியை நிதானமாக அழுத்தினார். "எனக்கென்னங்க தெரியும்? நான் பால் ஊத்துறவன். நீங்கதானே தெரு பூரா சொல்றீங்க, இவரு மாதிரி நேர்மையான ஆளு கெடையாதுன்னு. நானும் வீட்ல போய்ச் சொன்னேன். கேட்டுட்டு எம் பொஞ்சாதிக்கு அவ்வளவு சந்தோசம். இனிமே நான் அந்தமாரி வழியெல்லாம் போறதா?"

வண்டி போய்விட்டது. நான் பாத்திரத்தோடு நின்றேன். இரண்டு பக்கமும் போலீஸ் போட்ட வேலி போதாதென்று மூன்றாவதாக ஒன்றை நானே கட்டி வைத்திருந்தேன். அவர் கடத்தல்காரர் என்று இனி எந்த வாயால் சொல்வேன்?

அந்த வாரம்தான் மேட்டூரைத் திறந்தார்கள். நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயிகள் டிவியில் பூத்தூவிக் கும்பிட்டார்கள். ஊரே குளிர்ந்தது. எனக்கு மட்டும் பகீரென்றது. எல்லையில் கிடக்கும் வாய்க்கால் இப்போது காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் வந்துவிட்டால் நடந்து தாண்ட முடியாது. அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். கால் இரண்டும் வீங்கிவிட்டதாம். மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டதாம். அழவில்லை. "நீ வர முடியாதுல்ல அம்மா? சரி, பரவாயில்லை" என்றாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பால்காரர் வந்தார். என் வாய்க்குள் அன்றைக்கென்று தயார் செய்து வைத்திருந்த பாராட்டு இருந்தது. வந்தது வேறு.

"ஒங்க பால் தண்ணி. அன்னைக்கும் தண்ணி, இன்னைக்கும் தண்ணி. நான் சொன்னதெல்லாம் பொய். நீங்க பால்காரர்னு நான் ஒங்ககிட்ட நிக்கலை. இத்தனை வருசத்துல ஒங்க கேன்ல ஒரு பாட்டில் ஒடஞ்சுதுன்னு நான் கேட்டதில்லை. ஒருத்தர் கையிலயும் நீங்க மாட்டுனதில்லை. அந்த ஆளுகிட்டதான் நிக்கிறேன். என் பொண்ணு தனியா கெடக்கா."

அவர் பால் ஊற்றவில்லை. வண்டியைத் திருப்பினார். எல்லாம் போயிற்று என்று படியில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வரக்காப்பி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். அதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் அந்தக் காப்பி நன்றாக இருந்தது.

அடுத்த நாள் பால்காரர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பாலை அளந்தார்.

"பாட்டிலு தும்மாதுங்க. ஆளுன்னா அப்படி இல்லை. மாட்டுனா என்னை ஊர்லயே சேக்க மாட்டாங்க." பாத்திரத்தை என்னிடம் நீட்டினார். "நாளக்கி உச்சிக்கு அம்பகரத்தூர் வந்துடுங்க. பழைய சேலையா கட்டிக்கிட்டு வாங்க. கையில பை இருக்கக் கூடாது. சாமான இப்பவே குடுங்க, கேன்ல போட்டுக்கிறேன்."

மகளுக்கான பிரசவ மருந்து, குழந்தைக்குக் கிழித்து வைத்த வேட்டித் துணி, வளையல் எல்லாம் கேனுக்குள் போயின. கேன் அன்றைக்குச் சத்தமில்லாமல் போயிற்று.

ராத்திரியில்தான் கூட்டிப்போவார் என்று நினைத்திருந்தேன். கொளுத்துகிற வெயிலில்தான் காவல் இருப்பவர்கள் நிழலைத் தேடிப் போவார்களாம். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது இரண்டு தடவை நின்று பார்த்தார். பால்காரர் என் தலையில் ஒரு கருவை விறகுக் கட்டைத் தூக்கி வைத்தார். தாமும் ஒரு கட்டைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். "பேசக் கூடாது. ஓடக் கூடாது. வெறகு பொறுக்குற பொம்பளை ஓட மாட்டா." உளுந்து அறுத்த வயலின் வெடிப்புகளில் செருப்பு மாட்டியது. தூரத்தில் புளியமரத்தடியில் காக்கிச் சட்டைகள் தெரிந்தன. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் நான் மெதுவானால் அவரும் மெதுவானார். வாய்க்காலில் இறங்கி ஏறினோம். மேலே ஏறியதும், "இதாங்க தமிழ்நாடு" என்றார். அதே வெடிப்பு, அதே வெயில்.

கரையில் கருவைப் புதருக்குள் மூட்டை எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. மகள் வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ஒரு வளையல்கூட உடைந்திருக்கவில்லை. அவள் வீங்கிய கையில் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக ஏற்றினேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

அந்த வாரமே வலி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம் என்று பால்காரரிடம் சொல்லச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் வெயில் ஏறியதும் ஒரு பையன் ஓடிவந்து, வாய்க்கால் கரையில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னான். பால்காரர் தூக்குச்சட்டியோடு நின்றார்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு. இந்த ஊர்ல கறவை வத்திப்போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

வீட்டுக்கு வந்து காய்ச்சினேன். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்தேன். ஆறியபோது மேலே ஆடை படிந்திருந்தது, விரலால் சுருட்டி எடுக்கலாம் போல. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம பால்காரர் பாலா அம்மா?" என்றாள். எத்தனை வருஷமாகவோ பாலுக்கடியில் வேறொன்றைக் கொண்டுபோன மனிதர், முதல் தடவையாகப் பாலையே கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் கரையில் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பால் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. இந்த மாதிரிப் பால் நான் குடிச்சதே இல்லை."

அவர் சிரித்தார். "விடுங்க டீச்சரம்மா. அதான் வந்து சேந்துட்டீங்களே. இன்னும் எதுக்கு ஐஸு?"

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன். ஆடை அவ்வளவு கனமா..."

"கத்தியை வச்சு வெட்டலாமோ?"

பேரன் மேல் சத்தியம் பண்ணலாமா என்றுகூட நினைத்தேன். அவர் காலித் தூக்கை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொரு நாளும் பால் வந்தது. ஒவ்வொரு நாளும் நான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் அவர் அதே சிரிப்பைச் சிரித்தார். என்னிடம் இருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் தண்ணிப் பாலுக்கே செலவழித்திருந்தேன். இந்தப் பாலுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஒருநாள் வாய்க்காலில் காவிரித் தண்ணீர் சருகும் நுரையுமாக வந்தது. காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏறுவதற்குள் நெஞ்சளவு. பால்காரர் அந்தக் கரையில் நின்று தூக்கை உயர்த்திக் காட்டினார், இனி முடியாது என்று கையை விரித்தார். நான் இந்தக் கரையிலிருந்து கத்தினேன், பால் ரொம்ப நல்லா இருந்துச்சு என்று. அவர் போதும் போதும் என்று கையாட்டிவிட்டு நடந்தார்.

எல்லை திறந்து நான் வீடு திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. வரியும் போயிற்று, சரக்கு விலை பழையபடி இங்கே குறைவு, அங்கே அதிகம். பால்காரர் இன்றைக்கும் வந்தார். பால் தண்ணிதான். பேரனே சொல்கிறான்.

"என்னங்க, பால் ரொம்பத் தண்ணியா இருக்கு" என்றேன்.

"சரிங்க, நாளக்கிப் பார்த்துக்கலாம்" என்றார் குளிர்ந்த முகத்தோடு. நான் திட்டினால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்.

"அன்னைக்கு வாய்க்கால் கரைக்குக் கொண்டாந்தீங்களே, அந்தப் பால்..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் சிரித்துக்கொண்டே மூடியை அழுத்தி வண்டியைக் கிளப்பிவிட்டார். கேன் சத்தமில்லாமல் போயிற்று.