லாரிக்காரர் எனக்குச் சொன்ன நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் மனைவியும் பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தோம். மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். எங்களுக்கு இருந்த அவசரம் அவ்வளவுதான்... ஒரு துண்டு வறுத்த மீன்.

மரக்காணம் தாண்டியதும் முன்னால் ஒரு உப்பு லாரி. மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆடி அசைந்து போகிறது. பின்பக்கம் வழக்கமான ‘ஒலி எழுப்பவும்’. அதன் கீழே ஒரு சிவப்பு வட்டம். உள்ளே — வேகம் நாற்பது கி.மீ.

அந்த வட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டப் போகும்போது பளிச்சென்று பெயின்ட் அடிப்பார்கள். அப்புறம் அதை யார் மதிக்கிறார்கள்? ஆனால் இந்த மனுஷர் மதித்தார். என் காரின் முள் நாற்பதிலேயே நின்றது.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சில மாதங்களுக்கு முன்னால் இதே பத்தியில் நான் பொரிந்து தள்ளியிருந்தேன். காருக்கு ஒரு வேகம், லாரிக்கு அதைவிடக் குறைந்த வேகம் என்று வைத்தது சும்மாவா? லோடு ஏற்றிய லாரி பிரேக் போட்ட இடத்தில் நிற்குமா? இந்த ரோட்டில் எந்த லாரியாவது தன் வேகத்தில் போய் யாராவது பார்த்ததுண்டா? நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாமே பாராட்டு.

இதோ, தன் வேகத்தில் ஒரு லாரி போகிறது. நான் என்ன செய்தேன்?

ஹாரன் அடித்தேன்.

ஒன்றிரண்டு தடவை இல்லை. கையை எடுக்காமல் அடித்தேன். “அவர் பாட்டுக்குப் போறாரு, விடுங்களேன்” என்றாள் மனைவி. “ரோடு என்ன இவன் அப்பன் வீட்டு ரோடா?” என்றேன். எழுதும்போது ‘லாரி ஓட்டுநர் சகோதரர்கள்’. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ‘இவன்’.

லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பொறு பொறு என்று காட்டினார். நான் பொறுக்கவில்லை. இரண்டு பக்கமும் உப்பளம், நேர் ரோடு, போய்விடலாம் என்று வலது பக்கம் ஏறினேன். லாரியின் பாதி நீளத்துக்குப் போனபோதுதான் எதிரே பஸ் தெரிந்தது.

அவர் கை காட்டியது அந்த பஸ்ஸுக்காக. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

லாரி சட்டென்று இடது பக்கம் மண்ணில் இறங்கி எனக்கு வழி விட்டது. நான் வண்டியை உள்ளே நுழைத்தேன். பஸ் உரசுகிற மாதிரி போனது. அந்த லாரி ஒதுங்காமல் இருந்திருந்தால் இந்தப் பத்தி இந்த வாரம் வந்திருக்காது.

ஆனால் லாரிக்கு முன்னால், ரோட்டோரமாக, ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. லாரி மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. ஓட்டியவர் ஏழுமலை, அனுமந்தைக்காரர், பின்னால் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்பவர். பின்னாலேயே மண்ணில் இறங்கி வரும் லாரியைப் பார்த்து மிரண்டு, வண்டியைச் சரிவில் விட்டு உப்பளத்து வாய்க்காலில் விழுந்துவிட்டார். லாரி அவரைத் தொடக்கூட இல்லை.

காரை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். அதற்குள் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். நம் ஊரில் ரோட்டு நியாயம் ஒன்று உண்டு — சின்ன வண்டிக்கு அடிபட்டால் பெரிய வண்டிதான் தப்பு. மேற்கொண்டு விசாரணை கிடையாது. முதலில் சாவியைப் பிடுங்குவார்கள், பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்பார்கள். சாவியைப் பிடுங்கியாகிவிட்டது. ஓர் அறையும் விழுந்துவிட்டது. லாரிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைப் பட்டன் அறுந்து தொங்கியது.

கூட்டத்தில் உப்பள மேஸ்திரி ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பத்தியில் வரும் போட்டோவின் உபயம்.

“சார், நீங்க எழுதினீங்களே... லாரிக்காரனுங்க அட்டகாசம் பத்தி. பாருங்க, கண்ணு முன்னாலயே நடக்குது” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லாரிக்காரரும் பார்த்தார். அவர் பேசினால் யார் நம்பப் போகிறார்கள்?

நான் வாயைத் திறந்தேன். “என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குங்க. நான் ஹாரன் அடிச்சதாலதான் அவரு ஒதுங்கினாரு.”

கொஞ்சம் தப்பாம்! ஹாரனைச் சொன்னேன். பஸ்ஸைச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்க்காமல் ஏறியதைச் சொல்லவில்லை.

மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா? பெரிய மனுஷன்னா இதான். எவனோ செஞ்ச தப்ப தன் மேல போட்டுக்கறாரு.”

நான் மறுத்து இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழுமலைக்குக் கால் வீங்கிக்கொண்டே போகிறது, முதலில் ஆஸ்பத்திரி, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து மரக்காணத்துக்கு வண்டியைத் திருப்பினேன். ஏறும்போது பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது — கார் சீட்டு ஈரமாகுமேன்னு கூடப் பாக்கல, தங்கமான மனுஷன்.

கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். அவர் சம்சாரம் அழுதுகொண்டே வந்து, “நீங்க நல்லா இருக்கணும் சாமி” என்றார். என் மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது லாரி அங்கேயே நின்றது. லாரிக்காரர் டயர் நிழலில் குந்தியிருந்தார். சிதறிய மீன்களைக் காக்கைகள் தின்றுகொண்டிருந்தன. கட்டுப் போட்டாகிவிட்டது, லாரிக்காரர் மேல் தப்பில்லை, சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? “சார் மொகத்துக்காக விடறோம். சாருக்கு நன்றி சொல்லிட்டுப் போ.”

லாரிக்காரர் எழுந்தார். லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். என் எதிரே வந்து கும்பிட்டார்.

“ரொம்ப நன்றிங்க சார்.”

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அவருக்குச் சாவி வேண்டும், அதற்கு இதுதான் வழி. என் உயிரைக் காப்பாற்றியவர், அதற்காக அடி வாங்கியவர், எனக்கு நன்றி சொல்கிறார். நான் என்ன செய்தேன் என்று எழுதவே கூசுகிறது. தலையை ஆட்டினேன். ‘பரவாயில்லை’ என்கிற மாதிரி.

லாரி கிளம்பியது. அதே வேகம்தான். உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

“நல்ல பேரு வாங்கிட்டீங்க” என்றாள் மனைவி. வண்டியை வீட்டுக்கே திருப்பினேன். வஞ்சிரம் சாப்பிடப் போகவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை ஏழுமலையைப் பார்க்க அனுமந்தைக்குப் போனேன். இந்த முறை பஸ், லாரிக்காரர் காட்டிய கை, நான் வலது பக்கம் ஏறியது எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கால் உடைந்தது என்னால்தான் என்று நேராகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்குச் சமாதானம் சொன்னார்!

“நீங்க காரு சார், அப்படி இப்படித்தான் போவீங்க. லாரின்னா நிதானமா போவ வேணாமா?”

நிதானமாகப் போனதுதானே அந்த மனுஷர் செய்த ஒரே குற்றம்? அவர் நாற்பதில் போனதால் எனக்கு எரிச்சல். எனக்கு எரிச்சல் வந்ததால் அவருக்கு அடி. லாரிகளுக்குத் தனி வேகம் வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறோம், எழுதுகிறோம். அந்த வேகத்துக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் போவதற்கு நம்மில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? எனக்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு, ‘என்ன நேர்மை சார் உங்களுக்கு’ என்று சிலர் கடிதம் எழுத உட்காருவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். பாராட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அந்த லாரிக்காரருக்கு எழுதுங்கள்.

பேரும் ஊரும் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.